கானேஷுமாரி

கதவு எண் எழுபத்திரண்டு.
தை மாதம் நானே காவியில் எழுதியது,
இரண்டின் வால் வழிந்து நிலைப்படிவரை இறங்கியிருந்தது.
குடியாத்தத்தில் தறிச்சத்தம் ஓயாத தெரு.
நகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் நான்;
சர்க்கார் எனக்குத் தந்தவை
ஒரு மைக்கூடு, ஒரு கட்டுத் தாள், ஒரு தெரு.
கூலி இல்லை. கௌரவம்தான்.

பெயர்?
தெய்வசிகாமணி.
ஜாதி?
"இல்லை" என்றார், நாடாவை நிறுத்தாமல்.
பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த முதலியாரை
போன வருஷம் ஒரு மாநாட்டுப் பந்தலில்
முடி இறக்குவதுபோல இறக்கிவிட்டு வந்தவர்.
"இல்லை என்று எழுத விதி இல்லையே."
"உங்கள் கலம் காலியாக இருந்தால்
ராஜாங்கம் கவிழ்ந்துவிடுமா?"
சிரித்துவிட்டேன். எழுதினேன்: இல்லை.
எழுதியபோது கை கொஞ்சம் லேசாக இருந்தது,
அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தாயார் உண்ணாமலை, ஐம்பத்திரண்டு, வி.
தங்கை அஞ்சலாட்சி, பதினைந்து.
கலியாணம்?

அப்போதுதான் நாடா நின்றது.
தறிக்குழியிலிருந்து வந்த குரல்
ஜாதிக்கு எழுந்த குரலில் கால்வாசி:
"ஒன்பதில் ஆனது. பத்தில் அவர் போய்விட்டார்.
எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரியாததா."

தெரியும்.
வகரத்தின் தலையில் ஒரு கொக்கி, அவ்வளவுதான்.
என் வீட்டுத் தாளை முதலில் நிரப்பியபோது
அக்காளுக்கு அந்தக் கொக்கியைப் போட்டுவிட்டு
மை காயுமுன் காப்பி குடிக்கப் போனவன் நான்.

பாவு நூலுக்கு அப்பாலிருந்து அவள் கேட்டாள்:
"அந்தக் கலம் இல்லை என்றால் ஏற்கிறது.
இந்தக் கலம் ஏற்காதா?"

பக்கத்து வீட்டுத் தறி எட்டுப் பத்து முறை அடித்தது.
நான் அடுத்த கலத்துக்குத் தாவினேன்.
"எழுதப் படிக்க?"
"தெரியும். அண்ணன் வாங்குகிற பத்திரிகை எல்லாம்.
போன மாதம் அண்ணன் எழுதியே அச்சில் வந்தது,
விதவைகளுக்காக.
இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை."

தெரியும் என்று குறித்தேன்.
முந்தைய கலத்தில் அதற்குள்
மை ஒரு பொட்டாக விழுந்திருந்தது.
ஒற்றி எடுக்கவில்லை.
வேண்டுமென்றே விட்டாயா என்றால்,
இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.
தாலுகா குமாஸ்தா பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார்.
பொட்டுக்குப் பக்கத்தில் பொடியாக வி போட்டுக் கொடுத்தார்.

கணக்கு இரவு. மாசி வளர்பிறை.
இந்த முறை சிவப்பு மை:
பிறந்தவரைச் சேர், போனவரை அடி.
எழுபத்திரண்டில் உண்ணாமலை மட்டும்
என் லாந்தரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"ரெண்டு பேரையும் அடிச்சிடுங்க.
சாயங்கால வண்டி."

மேற்கேயா கிழக்கேயா என்று கேட்கவில்லை,
அதற்குக் கலம் கிடையாது.
தறியில் ஒரு கைலி அறுக்கப்படாமல் கிடந்தது.
அண்ணன் அழைத்துப் போனாரா,
அவள் அண்ணனை இழுத்துப் போனாளா,
எதற்காக, யாரிடம்,
எதையும் கேட்காமல் இரண்டு கோடு கிழித்தேன்.

அன்றிரவு ரயிலையும் விடவில்லை சர்க்கார்.
காட்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ
ஒருவன் லாந்தரோடு ஏறியிருப்பான்,
தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பியிருப்பான்.
பெயர்? வயது? கலியாணம்?
என்னைப்போல் ஒரு வாத்தியாராகவே இருக்கலாம்.
அவன் தாளில் பொட்டு விழாத புதுக் கலம்.
தெய்வசிகாமணி வாயைத் திறக்குமுன்
அவள் பதில் சொல்லியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.
என்ன பதில் என்பது
சிம்லாவில் எங்கோ ஒரு கூட்டலுக்குள் கிடக்கிறது.

நான் வீடு வந்தபோது அக்காள் விழித்திருந்தாள்.
சோற்றைப் போட்டுவிட்டு என் கையைப் பார்த்தாள்.
"விரலெல்லாம் என்னடா சிவப்பு?"

மை, என்றேன்.