ஃபைன்

அனுப்பர்பாளையம், பேக்கரிக்கு மேல்மாடி.
ஷிஃப்ட் முடிந்தும் பனியன் பஞ்சு
என் புருவத்தில்.

"ஹவ் ஆர் யூ?" என்றார் மிஸ்.
"ஃபைன், தேங்க்யூ" என்று சொல்லணுமாம்.

எங்கள் கம்பெனியில்
கறையைக் கவனிக்காமல் மடித்தால் ஃபைன்,
பத்து நிமிஷம் பிந்தினால் ஃபைன்.
சனிக்கிழமைக் கவரில் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.
அதற்கு ஒரு தேங்க்யூ வேறயா?

முன்பெஞ்சு ரங்கநாயகி எழுந்தாள்:
"மை நேம் இஸ் ரங்கநாயகிங்க."
மிஸ் சிரித்தார்.
"இங்கிலீஷில் 'ங்க' கிடையாதும்மா."
அப்புறம் மரியாதையை எங்கே வைக்கிறதாம்?

என் முறை.
'டோக்கன் நாற்பத்தேழு' என்று
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
பேரைச் சொன்னேன். மயிலாத்தாள்.

"நைஸ் டு மீட் யூ!"

ஏனுங் மிஸ்,
மூன்று வாரமாய்
தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.