மேற்படி சாலை

மனுவை நான்தான் எழுதினேன்.
வங்கியில் முப்பத்தொரு வருடம் கையெழுத்துப் போட்ட கை.
'எங்கள் குடியிருப்பின் எங்கள் சாலைகளில்' என்று
ஒரே வரியில் இரண்டு 'எங்கள்' விழுந்ததைக்
கவனிக்கவில்லை.

வேகம்தான் காரணம்.
காரைக்குடியிலிருந்து கோவிலூர் போகும் வழியில்
பதினாறு ஏக்கர், சுற்றுச்சுவர், இரண்டு கேட்.
உள்ளே நாற்பதடிச் சாலை.
நாற்பதடி என்றால் பையன்களுக்கு விமான ஓடுதளம்.
சாத்தப்பன் மகன் ஆறாம் குறுக்கில் திரும்பினால்
எங்கள் அடுப்படித் தட்டுகள் ஒன்றோடொன்று பேசும்.
தண்ணீர் லாரிக்காரன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு
பின்பக்கமாக வந்தே
மெய்யம்மை டீச்சரின் காலை முறித்தான்.

வேகத்தடை போட்டோம்.
அதன் ஓரத்தில் ஸ்கூட்டர் அகலத்துக்கு ஒரு சந்து
தானாக உண்டானது.
செக்யூரிட்டி பெரியகருப்பன் கைகாட்டினால்
கண்ணாடியை இறக்காமலே சிரிக்கிறார்கள்.

'காசு கட்டினா போலீஸ் வருமாம்' என்றார் செயலாளர்,
'ஷூட்டிங்குக்கு வர்ற மாதிரி.'

இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்தார்.
சிவப்புப் பேனாவால் இரண்டு வட்டம்.
'எங்களா, நம்மளா சார்?'
விழித்தேன்.
'எங்களுதுன்னா அது உங்க வீட்டு முற்றம்.
முற்றத்துல ஓட்டுறவனுக்கு நான் எப்படிச் சலான் போடுறது?
நம்மளுதுன்னா
கேட்டைத் திறங்க.'

கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது.
திறந்தால் திருடன் வருவான் என்றார் அடைக்கப்பன்.
மூடியிருந்தபோதுதான் என் கால் போச்சு என்றார் டீச்சர்,
கட்டுப்போட்ட காலை எதிர் நாற்காலியில் நீட்டியபடி.
பக்கோடா தீர்ந்தபின் வாக்கெடுப்பு. இருபத்தேழு, பத்தொன்பது.
குறிப்பேட்டில்: 'சோதனை அடிப்படையில், மூன்று மாதம்.'

'தனியார் சாலை, அந்நியர் நுழையக் கூடாது' பலகையைக் கழற்றினோம்.
தூணில் நான்கு ஆணித் துளைகள்.
ஒன்றில் இப்போது குளவி.

ஏட்டு காளீஸ்வரி சனி ஞாயிறு, நாலு முதல் எட்டு.
தலைமுடி காயவைக்கும் கருவிபோல் ஒன்றை
வருகிறவர்மேல் நீட்டுவார்.
'டீ வேணாம் சார், நிழல் இருந்தாப் போதும்.'
குடை வாங்கினோம், ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று ஒரு இரவு யோசித்து
'இதர' என்று எழுதினேன்.

முதல் நாள் பதினொரு சலான்.
ஒன்பது உள்ளூர்.
அதில் ஒன்று என் மனைவி உமையாள்:
வீட்டிலிருந்து பூங்காவுக்கு முந்நூறு மீட்டர்,
ஹெல்மெட் இல்லை.
தாளை என் கணக்குப் புத்தகத்தின்மேல் வைத்தாள்.
'நம்ம ரோட்டுலயே எனக்கா?'
நம்ம என்றுதான் சொன்னாள்.
நான் அப்போது திருத்தவில்லை,
ஆமோதிக்கவுமில்லை.

அபராதம் அரசுக்குப் போகிறது, சம்பளம் எங்களிடமிருந்து.
தண்டம் அவர்களுக்கு,
தண்டச்செலவு நமக்கு என்கிறார் அடைக்கப்பன்
பார்க்கும்போதெல்லாம்.

சுவருக்குப் பின்னால் சூளைத் தெரு இருப்பது
எனக்குப் புகையாக மட்டும் தெரியும்.
திங்கட்கிழமை,
காளீஸ்வரி இல்லாத நாள்,
திறந்த கேட் வழியே ஐந்து சைக்கிள்.
சீருடை, இரட்டைச் சடை, கேரியரில் டிபன் பை.
இத்தனை வருடம் சுவரைச் சுற்றி
இரண்டு கிலோமீட்டர் போயிருக்கிறார்கள்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
பெரியகருப்பன் என்னைப் பார்த்தான்.
நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.
மூன்றாம் வாரம் எண்ணியதில் இருபத்திரண்டு.

ஆறாம் குறுக்கு வெள்ளைக் கோட்டில்
அதிலொரு பெண் தினமும் நிற்கிறாள்.
இரண்டு காலும் தரையில்.
வலது, இடது, மறுபடி வலது.
போலீஸும் இல்லை, வண்டியும் இல்லை.
பிறகு போகிறாள்.
சாத்தப்பன் மகன் இன்னும் நிற்பதில்லை,
ஞாயிற்றுக்கிழமை தவிர.

மூன்று மாதம் முடிகிறது.
புதுப்பிக்க மனு எழுதவேண்டும்.
'எங்கள்' என்று தொடங்கி அடித்தேன்.
'நம்' என்று எழுதிப் பார்த்தேன்.
அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்தார், லாரிக்காரன் வந்தான்,
இருபத்திரண்டு சைக்கிள் மணியடித்தது,
அத்தனை பேருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட
எனக்கு அதிகாரம் உண்டா தெரியவில்லை.

புதுத் தாள் எடுத்தேன்.
வங்கிக்காரன் புத்தி.
'மேற்படி சாலையில்' என்று எழுதிவிட்டு
மேலே பார்த்தேன்.
மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.