அல்லகுறி

பதினேழாம் எண் பெட்டியில் இரை இல்லை.
மீன்தலை வைத்தால் விலாங்கும் நுழைந்துவிடும்.
போன வருடம் ஒரு நீர்நாய்க் குட்டி
மூச்சுமுட்டிச் செத்தது.
அதனால் இந்த முறை
மூத்திரம்.

நான்கு பெண் சிங்கிகள்
மூன்று இரவு தனித்தனியே கிடந்த தண்ணீர்.
அதைக் கூழாக்கிக் குழாயில் அடைத்து
நோன் ப்ரிதெர்க் ஆற்றில் இறங்குகிறாள்.
அக்டோபர். வேல்ஸ் மலைகள் அனுப்பிய குளிர்
இடுப்புவரை.

முகத்தால் பெய்கிற பிராணி இது.
கண்ணுக்குக் கீழே இரண்டு துளை.
எதிரில் நிற்பவன் மூஞ்சியிலேயே அடித்துச் சொல்லிவிடும்:
நான் யார், எவ்வளவு பலம், இன்றைக்குச் சம்மதமா.
பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்ன அன்று
ஏழாம் வகுப்பு பத்து நிமிடம் அடங்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து தட்டுக்காகக் கொண்டுவந்தார்கள்.
பண்ணைக்குளத்து வரப்பேறி, ஈரப்புல்லில்
நடந்தே ஆற்றுக்கு வந்தன.
கரையைக் குடைந்து குடைந்து
இட்வாலின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு துண்டு
வேலிக்கம்பியை அந்தரத்தில் விட்டுவிட்டு
வெள்ளத்தோடு போயிற்று.
உள்ளூர் வெள்ளைக்கொடுக்குச் சிங்கிகளை
இவை கடிக்கக்கூட இல்லை.
மேலே ஒட்டிவந்த நோயே போதுமாயிருந்தது.

விடிந்ததும் பெட்டியைத் தூக்கினாள்.
ஆறு ஆண்கள்.
எவனும் கொடுக்கை உயர்த்தவில்லை.
கரைந்து காலியான குழாயை
ஒருவன் எட்டுக் காலாலும் கட்டிக்கொண்டிருந்தான்.
பிரித்தெடுக்க நேரமானது.

மீன்தலை வைத்த பக்கத்துப் பெட்டியில் இருபத்தொன்று.
அதையும் எழுதிக்கொண்டாள்.

இட்வால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்,
"ஆண்கள் மட்டும்தானா?"
"ஆண்கள் மட்டும்."
"ஒருத்தன் மிஞ்சினால்?"
"எத்தனை பேருக்கும் போதும்."
அவர் சிரிக்கவில்லை. டிராக்டரை முடுக்கிக்கொண்டு
நிலம் முடிகிற இடம்வரை போய்த் திரும்பினார்.
முன்பைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகிற நிலம்.

ஆறையும் உறைபெட்டியில் போட்டாள்.
சட்டம் அப்படி: பிடித்ததைத் திருப்பி விடக்கூடாது.

கையுறையைக் கழுவத்தான் மறுபடி இறங்கினாள்.
நேற்றைய கூழ் விரலிடுக்கில் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.
கல்லடியிலிருந்து ஒன்று வெளியே வந்தது.
மூட்டில் வெள்ளைப் பொட்டு.
நீரோட்டத்தை எதிர்த்து, மீசையால் தடவித் தடவி,
ஆயுதத்தைத் தாழ்த்திக்கொண்டு
அவள் பூட்ஸ் நுனியில் வந்து நின்றது.

இன்னொன்று.
அதற்குப் பின்னால் இன்னொன்று.

மிதிப்பதற்குத்தான் சம்பளம்.
கால் மரத்துப்போகும்வரை
அசையாமல் நின்றாள்.