இருபத்திரண்டு டிகிரி

ரீகா. ஏப்ரல் முதல் வாரம். தௌகவா ஆற்றில்
கடைசிப் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
கடலுக்குப் போகின்றன.
ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம்; அதிகாலை நாலு மணி.
என் பையில் இரண்டு வெப்பமானி, ஒரு டார்ச், பாதி சாண்ட்விச்.
பில் ஏன் இவ்வளவு வருகிறது என்று
மேலாளர் குன்வால்திஸ் கேட்டிருந்தார்.

எல்லோரையும் போல அவரும் விளக்குகளைத்தான் சந்தேகப்பட்டார்.
விளக்கு பாவம். கண்ணுக்குத் தெரிகிற குற்றவாளி.
ஆறாம் மாடியில் அணைக்காமல் விட்டுப்போன நாற்பதையும்
ஒரு வாரம் எண்ணிக் கூட்டிப் பார்த்தேன்:
பில்லின் ஒரு மூலைகூட நிறையவில்லை.

எட்டாம் மாடி, இயந்திர அறை.
வெந்நீர் வால்வு மூடியிருக்கிறது என்றது திரை.
திறப்பு: பூஜ்யம்.
திரை பொய் சொல்லவில்லை;
மூடு என்று தான் இட்ட கட்டளையையே
மூடியாயிற்று என்று நம்பிக்கொண்டிருந்தது.

குழாயின் மேல் ஏழு துணிகள்.
தரை துடைக்கும் நீலத் துணிகள், வரிசையாக;
ஓரத்தில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை.
கை வைத்தேன். சுட்டது.

"அது எப்பவும் சூடாத்தான் இருக்கும்,"
என்றாள் வாளியோடு வந்த வெல்தா.
"ஜூலையிலகூட. ஆறு வருஷமா இதுலதான் காயப்போடறேன்."
யாரிடமாவது சொன்னீர்களா?
"யாராவது கேட்டாங்களா?"

என் கருவிகளின் விலை மூவாயிரம் யூரோ.
அவள் உள்ளங்கைக்கு மணிக்கு ஆறு.

வால்வைக் கழற்றினால்
அதன் வாயில் ஒரு துருத்துண்டு, அரிசிமணி அளவு.
அதைக் கடித்தபடி ஆறு வருடம் அது வாய் மூடவில்லை.
கசிந்த சூட்டில் காற்று வெதும்ப,
வெதும்பிய காற்றைக் கண்டு
கூரையில் குளிரூட்டி பதறிப் பதறி ஓடியிருக்கிறது,
ஆள் இல்லாத இரவிலும்.
பிள்ளையைக் கிள்ளுவதும் தொட்டிலை ஆட்டுவதும்
ஒரே கட்டடம். மீட்டர்தான் இரண்டு.

கீழே நானூறு பேர்
அந்தச் சண்டையின் நட்டநடுவில் உட்கார்ந்து
காப்பீட்டுப் படிவம் நிரப்பினார்கள்.
இருபத்திரண்டு டிகிரி. இதமான இருபத்திரண்டு.
வியர்த்திருந்தால் கத்தியிருப்பார்கள்,
நடுங்கியிருந்தால் கடிதம் எழுதியிருப்பார்கள்.
இதத்தைப் பற்றிப் புகார் செய்ய யாருக்குத் தோன்றும்?

புது வால்வு. மதியத்துக்குள் குழாய் ஆறிவிட்டது.
கூரையில் அந்த இரைச்சல்
பெருமூச்சு விட்டு நின்றது.
ஒரு கடற்பறவை அதன்மேல் வந்து உட்கார்ந்தது.
மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு டிகிரி,
முன்பு போலவே. ஒருவரும் தலை நிமிரவில்லை.
என் தொழிலில் வெற்றி என்பது
ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை.

குன்வால்திஸ் மட்டும் கால்குலேட்டரை இரண்டு முறை தட்டினார்.
நம்பாமல் மூன்றாம் முறையும்.

அடுத்த வாரம் போனபோது
துணிகள் நனைந்தே தொங்கின. புளித்த வாடை.
வெல்தா என்னை ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையை உதறி, ஈரத்தோடே மாட்டிக்கொண்டு
முதல் டிராமைப் பிடிக்கப் போனாள்.

அறிக்கையில் சேமிப்புக்கு ஒரு பத்தி உண்டு;
ஈரக் கையுறைக்கு இல்லை.
பதினாலாவது பரிந்துரையாக எழுதினேன்:
நான்கு மீட்டர் கயிறு. கழிவுக்காற்று வெளியேறும் அறையில்
குறுக்கே கட்டவும். மின்சாரம் தேவையில்லை.
குன்வால்திஸ் அதை வட்டமிட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
கயிற்றை நானே வாங்கிக் கட்டினேன்.

நானூறு பேர் விட்ட மூச்சும்
அவர்கள் கணினிகளின் காய்ச்சலும்
மைக்ரோவேவில் யாரோ சுடவைத்த மீனும்
வானத்துக்குப் போகிற வழி அது.

"காயுது," என்றாள் வெல்தா, மே மாதம்.
"மெதுவாத்தான். மீன் வாசனை வேற."