அட்டவணை 3, பதிப்பு 1

பத்திரிகை நின்றுபோனதை
ஒரு பிழைச்செய்திதான் சொன்னது:
நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை.
அடுத்த மாதம் அதுவும் இல்லை.
கட்டணம் கட்டாத முகவரியை
யாரோ வாங்கிவிட்டார்கள்.
ஒன்பது தொகுதி, முப்பத்தாறு இதழ் இருந்த இடத்தில்
இப்போது மெத்தை விற்கிறார்கள்.

எங்கள் கட்டுரையும் அங்கேதான் இருந்தது.
தலைஞாயிற்றிலிருந்து கடல்வரை
அரிச்சந்திரா நதியின் இரு கரையும் நடந்து
நானும் உலகம்மாளும் தோண்டிய
நூற்று நாற்பது மண் மாதிரிகள்.
பிஸ்கட் டப்பாக்களில் அடைத்து
பேருந்தில் மடிமேல் வைத்து வந்த உப்பு.

நல்லவேளை,
திருத்துறைப்பூண்டிக் கல்லூரி நூலகத்தில்
ஜக்கரியா பார்த்துக்கொள்ளும் களஞ்சியத்தில்
என் பிரதி ஒன்று கிடக்கிறது.
ஏற்கப்பட்ட வடிவத்தைப் போடலாம்,
அச்சான வடிவம் கூடாது,
அதுவும் பன்னிரண்டு மாதம் கழித்து
என்பது ஒப்பந்தம்.
ஒரு குறுவை, ஒரு சம்பா போகும்வரை
மதகு இறங்கியே இருந்தது.
பதின்மூன்றாம் மாதம் முதல் தேதி
டீ குடிக்கும் முன்பே ஏற்றிவிட்டேன்.

ஜக்கரியா எதையும் நம்பாத மனிதர்.
புயல் இரவில் சர்வரைக் கழற்றி
பெட்ஷீட்டில் சுற்றி
இரண்டாம் மாடிக்குத் தோளில் ஏற்றியவர்.
ஒரு பிரதி இங்கே, ஒன்று தஞ்சாவூரில்,
இன்னொன்று காவிரித் தண்ணீர் எட்டாத ஊரில்.
மாதத்தின் முதல் வெள்ளி, தொழுகை முடிந்ததும்
மூன்றின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிடுவார்.
ஒரு புள்ளி நகர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.
ஐம்பது வருஷம் கழித்தும் திறக்கணும்மா என்று
எழுத்துருவைக்கூட உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்.

மெத்தைக் கடையைப் பார்த்த அன்று
என் பிரதியைத் திறந்தேன்.
ஒரு புள்ளிகூட உதிரவில்லை.
அட்டவணை மூன்று, வரிசை பதினேழு,
பக்கிரிசாமியின் நடவு வயல்,
மின்கடத்துதிறன் எட்டு புள்ளி நாலு.

நாலு புள்ளி எட்டு.
அச்சுப்படியில் நானே பார்த்தேன்,
சிவப்பில் சுழித்து அனுப்பினேன்,
பத்திரிகையில் சரியாகத்தான் வந்தது.

சரியான எண் பத்திரிகையோடு போய்விட்டது.
மாதாமாதம் சோதிக்கப்பட்டு
மூன்று ஊரில் பத்திரமாக இருப்பது
என் விரல் தடுமாறிய எண்.

நாலு புள்ளி எட்டில்
முனகிக்கொண்டாவது நெல் விளையும்.
எட்டு புள்ளி நாலில் இறால் குட்டைதான்.

பதிவிறக்கம்: 212.
யாரென்று களஞ்சியம் சொல்லாது.
பேர் கேட்காமல் கொடுக்கிற இடம் அது.
கடைமடைக்கும் போகட்டும் என்றுதானே போட்டேன்.
போயிருக்கிறது.

பக்கிரிசாமி வயலில் இப்போது
காற்றாடிச் சக்கரம் தண்ணீரை அடிக்கிறது.
அவர் மகன் குத்தகைக்கு விட்டது
எங்கள் அட்டவணையைப் பார்த்தா,
கடனுக்கா, புயலுக்குப் பிறகு வெறுத்தா,
தெரியாது.
கேட்கலாம் என்று இரண்டு முறை பேருந்து ஏறினேன்.
ஒருமுறை நிறுத்தத்தில் இறங்கவும் செய்தேன்.

அழித்துவிடுங்கள் என்றேன் ஜக்கரியாவிடம்.
முடியாது என்றார்.
கொஞ்சம் யோசித்து, முடியும், மாட்டேன் என்றார்.
இதைப் படித்து யாராவது எதையாவது செய்திருந்தால்
எதைப் படித்தார்கள் என்று
நாளைக்கு யாரு சாட்சி சொல்றது?

பதிப்பு 2 ஏற்றினோம்.
மாற்றத்தின் காரணம் என்ற பெட்டியில்
சிறு திருத்தம் என்று எழுதி அழித்தேன்.
தட்டச்சுப் பிழை என்று எழுதி அழித்தேன்.
மின்விசிறியை நிறுத்திவிட்டு எழுதினேன்:
வரிசை 17. 4.8 என்பதை 8.4 என்று அடித்தது நான்.
உலகம்மாளுக்கு இதில் பங்கில்லை.
நான்கு வருடம் இப்படியே இருந்தது.

ஜக்கரியா புதிய சரிபார்ப்பு எண்ணை
பழையதன் கீழே
நோட்டில், பேனாவால் எழுதிக்கொண்டார்.
கணினியையும் அவர் நம்புவதில்லை.

பதிப்பு 2. பதிவிறக்கம்: 0.
நானே ஒன்றை எடுத்து அச்சிட்டேன்.
பதிவிறக்கம்: 1.
தலைஞாயிறு போகும் முதல் பேருந்து
காலை ஐந்தே முக்காலுக்கு.