ஒரு நூல்

பம்ப்பின் அடிவயிற்றில்
ஈர்க்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு துளை.
உள்ளே சீல் தேய்ந்துவிட்டால்
அது வழியாகத்தான் தகவல் வரும் என்றார் சேசுராஜ்.
காவி நிறத்தில் வந்துகொண்டிருந்தது தகவல்,
பள்ளத்தூர் போர்த்தண்ணீரின் உப்போடு.

ஐம்பத்தாறாம் வருஷத்து ஆஸ்டின்.
என் கல்யாணச் சாமான் சிட்டையில்
மங்குக் கிண்ணம் எண்பது, வெண்கலப் பானை ஏழு,
அதற்குக் கீழே
கார் ஒன்று, ஓடும் நிலையில்
என்று எழுதியிருந்தார் அப்பச்சியின் கணக்கப்பிள்ளை.
தீர்த்துக்கொண்டு வந்த அன்று
அதே சிட்டையை விரித்துத்தான் எண்ணி வாங்கினோம்.
கிண்ணத்தில் இரண்டு குறைந்தது.
கார் ஓடும் நிலையில் இருந்தது.

கழற்றிய பம்ப்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு
காரைக்குடிக்கு பஸ் ஏறினேன்.
செக்காலை ரோட்டில் மீரா மைதீன் கடை.
கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார்.

சீமைச் சரக்கு, பதினாலாயிரம்.
எண்ணெய்த் தாளைப் பிரித்துக் காட்டவே
யோசித்தார் மனிதர்.
மற்றது அம்பாசிடருக்கு உள்ளது, ஆயிரத்து எண்ணூறு.
"பங்காளி வீட்டு எஞ்சின்தானே ஆச்சி, பொருந்தும்.
மூக்கு மட்டும் ஒரு நூல் நீளம்.
அப்படியே போட்டால் ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிச்சிடும்."
இரண்டும் வேண்டாமென்றால்
பழசைத் தேவகோட்டை லேத்துக்கு அனுப்பலாம்,
உடம்பில் விரிசல் இல்லாதிருந்தால்.

ஜோகூரிலிருந்து தம்பி ஆவிச்சி போனில் சொன்னான்:
சீமைச் சரக்கே வாங்கு, மட்டமானதைப் போட்டால்
வண்டிக்கு மதிப்புப் போய்விடும்.
அவன் அந்த வண்டியில் கடைசியாக ஏறியபோது
அவனுக்கு மீசை இல்லை.

பையிலிருந்து பழசை எடுத்தேன்.
மீரா மைதீன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.
"ஆச்சி, இதுவே அம்பாசிடர் பம்ப்புதான்."

மூக்கு குட்டையாக இருந்தது.
லேத்தில் கடைந்திருந்தால் வட்ட வட்டமாக வரி விழும்.
இதில் குறுக்கும் நெடுக்குமாக அரக் கோடுகள்,
அவற்றின்மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வழவழப்பு.
கை வேலை. ஒரு நூல், சரியாக.

அந்தச் சித்திரையில்
நகத்துக்குள் இரும்புத்தூளோடு
மூன்று ராத்திரி சாப்பிட வந்தார் அவர்.
என்னவென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
உப்பு எடுத்துக் கொடுக்க மட்டும்
பேசிக்கொண்டிருந்த காலம்.
நாலாம் நாள் உச்சி வெயிலில் பிள்ளையார்பட்டி போனோம்.
வழியில் எங்கேயும் நிற்கவில்லை, ஆவி கிளம்பவில்லை.
ஜன்னல் பக்கம் திரும்பி
இன்னிக்கு வண்டி கொதிக்கலை என்றேன்.
ம், என்றார்.

இதனால் எதுவும் மாறிவிடவில்லை.
கிண்ணம் இரண்டை
நான் இன்னும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

ஆயிரத்து எண்ணூறை எண்ணிக் கொடுத்தேன்.
அப்படியே ஒரு தட்டை அரம், ஒரு மடிப்பு உப்புத்தாள்.
மீரா மைதீன் எதுவும் கேட்காமல் பில் போட்டார்.

எனக்கு ஐந்து ராத்திரி ஆனது.
பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி
மேலே ஸ்கேலைக் கிடத்திப் பார்ப்பேன்.
அடியில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் அராவ வேண்டும்.
இரண்டாம் ராத்திரி அரம் வழுக்கிக் கட்டைவிரலில் ஏறியது.
அவருக்கும் இங்கேதான் கிழித்திருக்குமோ என்று
ஒரு நிமிஷம் ஓடிய எண்ணத்தை
மஞ்சள்தூள் வைத்துக் கட்டினேன்.

தண்ணீரை மட்டும் மாற்றினேன்.
ஐப்பசியில் வளவுக் கூரையிலிருந்து விழுந்ததை
அண்டாவில் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி.

சேசுராஜ் சாவியைத் திருப்பினார்.
ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்
தீப்பெட்டி ஒன்று படுக்கிற இடம்.
உரசல் இல்லை, சத்தமில்லை.
"யாருக்கா அளவு சொன்னது?"
பழசைப் பார்த்துச் செஞ்சேன் என்றேன்.

அதைக் காயலான் கடைக்குப் போடவில்லை.
எண்ணெய் தடவி, தாளில் சுற்றி
அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.
அடுத்த பம்ப்புக்கு அளவு வேண்டுமே.