மூன்றாம் சொத்து

நான் கட்டின பல் அது.
மேல்வரிசை, நடு, இடப்பக்கம்.
ஆஸ்பத்திரி வீதியில் என் கடையில்
மூன்று நாள் இருந்து
பீடிக்கறைக்குப் பொருந்தக் கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து
றெமீசியசுக்குக் கட்டிக் கொடுத்தது.
பாதிக் காசு தந்தான்.
மிச்சத்துக்கு
நாடகத்தில் முன்வரிசைக் கதிரை.

பாசையூர்க் கடற்கரை. தகரமும் பலகையும் அடித்த மேடை.
எட்டு மணிக்கென்றார்கள்; பத்தேகாலுக்குத்தான்
ஜெனரேற்றர் இருமிக்கொண்டு எழும்பியது.
ஆர்மோனியக்காரர் இன்னாசித்தம்பியர்
ஒரு சுரத்தைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார்,
மீன் விலை கேட்டவர் போல.
பிறகு அதே சுரத்தை வாங்கிக்கொண்டார்.

அப்புக்காத்தர் கல்யாணம்.
தன் பொறுப்பில் வளர்கிற பெட்டையைத்
தானே கட்ட நினைக்கிற கிழட்டு அப்புக்காத்தர்.
அவளோ கிளாக்கரோடு
வழக்குக் கட்டுகளுக்குள் கடிதம் மாற்றுகிறாள்.
முடிவு ஊருக்கே தெரியும்.
பாட்டும் தெரியும்.
எனக்குப் பின்னால் இருந்தவள்
நடிகர்களை அரை அடி முந்திப் பாடிக்கொண்டிருந்தாள்;
மூச்சு வாங்கும்போதெல்லாம்
கச்சான் கோது என் மடியில் விழுந்தது.

நான் கதை பார்க்கவில்லை.
பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்புக் கோட்டும் விரியாத குடையுமாய் வந்தான் றெமீசியஸ்.
முதல் விருத்தம். நின்றது.
இரண்டாவது. நின்றது.
அவன் குரல் மேலே ஏறும்போதெல்லாம்
என் நாக்கு என் வாய்க்குள்
என் சொந்தப் பல்லுக்கு முண்டு கொடுத்தது.

பிறகு அந்தப் பாட்டு.
சனம் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவந்தது அதற்குத்தான்.
"சட்டம் என் சொத்து, சாட்சி என் சொத்து,
தலை நரைச்சாலென்ன, சரசம் என் சொத்து!"

மூன்றாம் சொத்தில் பல் போனது.

லைற் வெளிச்சத்தில் ஒரு மஞ்சள் பொட்டு
மிருதங்கத்தில் 'டிக்' என்று பட்டுத் தெறித்தது.
மிருதங்கக்காரர் அதையும் ஒரு சொல்லாக எடுத்து
ஒருமுறை திருப்பி வாசித்தார்.
பிறகு கொஞ்ச நேரம்
கடல் மட்டும் கேட்டது.

நான் கதிரைக்குள் இறங்கினேன்.
திருப்பிக் கொடுக்கவேண்டிய காசை எண்ணினேன்.

றெமீசியஸ் வாயை மூடவில்லை.
விட்ட இடத்திலிருந்து எடுத்தான்.
இப்போது ஒவ்வொரு 'ச'வும் விசிலடித்தது.
இன்னாசித்தம்பியர் காதைச் சாய்த்தார்,
விசில் எந்தச் சுரமென்று பிடித்தார்,
முழுப் பாட்டையும் அதற்குப் பக்கத்தில்
இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

நொத்தாரிசாய் வந்த பபூன் பாவிலுப்பிள்ளை
நாலு காலில் தவழ்ந்து மேடையை அளந்தான்.
"கிழக்கு எல்லை ஆர்மோனியம்,
வடக்கு எல்லை மிருதங்கம்,
இதற்குள் அடங்கியது குழி ஒன்று.
அதில் நிண்ட பயிர் களவு போச்சு!
ஐயா, எங்கடை முக்கியமான சாட்சி
கூட்டை விட்டுப் பாய்ஞ்சிட்டுது!"

அழவேண்டிய மெற்றில்டா
சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள்.
தன் முறை வந்ததும்
தாலி வேண்டாமென்று கெஞ்சுகிற அந்தச் சோகப் பாட்டை
'ச'வுக்கு 'ச' விசிலடித்தே பாடினாள்.
வன்ஸ்மோர், வன்ஸ்மோர்!
பின்னால் இருந்தவளுக்கு இது பாடமில்லை.
முதல்தடவையாக அவள் வாய் மூடியிருந்தது.

எனக்கு விலா நொந்தது.
மற்றவர்களின் வாய்க்குள்
இருபது வருடம் எட்டிப் பார்க்கிற எனக்கு
ஒரு ஓட்டை
இவ்வளவு பாடும் என்று தெரியாது.

விடியப்புறம் வீட்டு முற்றத்தில் சாரத்தை உதறினேன்.
கச்சான் கோதுகளுக்கிடையில்
மஞ்சளாய் ஒன்று.

திங்கட்கிழமை காலமை
கடை திறக்க முதல் வாசலில் நின்றான்.
மிச்சக் காசை மேசையில் வைத்தான்.
கழுவி வைத்திருந்த பல்லை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"வாற கிழமை நாவாந்துறையிலை ஆட்டம், அண்ணை.
இறுக்கிப் போடாதையுங்கோ.
மூண்டாம் சொத்து மட்டும்
நிண்டால் காணும்."